நூற்று அறுபத்தைந்து போகும் வண்டி

சாமிதுரைக்குக் கார் வந்ததே வயல் போனதால்தான்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு நான்குவழிச் சாலை போட்டபோது, வல்லத்துக்கு மேற்கே புது ஆற்றுப் பாசனத்தில் இருந்த அந்த வயலின் நடுவே சர்வே கல் நட்டார்கள். பட்டா பண்ணையார் துரைராசுவின் பெயரில் இருந்தது. உழுதது சாமிதுரையின் அப்பா ஐயாவு, அவருக்குப் பிறகு சாமிதுரை. எழுபதுகளில் குத்தகைதாரர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தபோது, பண்ணை ஆட்கள் வழிமறித்தும் கேட்காமல் தாசில்தார் ஆபீசுக்கு நடந்தே போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்த மனிதர் ஐயாவு. அந்தப் பதிவின் பலத்தில்தான் சாமிதுரை நஷ்டஈட்டில் பங்கு கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்துக் கடைசியில் பங்கு கிடைத்தது. ரோட்டுக்குப் போனது போக வடக்குப் பக்கம் ஒரு துண்டு வயல் மிச்சமிருந்தது. அதையும் விட்டுவிட்டுப் போகச் சொல்லி துரைராசு எதிர்வழக்குப் போட்டார். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. டீக்கடையில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர் டம்ளரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போவார்.

கையில் வந்த பணத்தில் மாடு வாங்கலாம் என்றாள் மனைவி அம்சம். சாமிதுரை கார் வாங்கினார். அப்பா உழுத காலத்தில் அவர் திருவாரூரில் ஒரு நெல் வியாபாரியிடம் வேன் ஓட்டியவர். வாடகைக்கு ஓட்டினால் யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டாம் என்பது அவர் கணக்கு.

தஞ்சாவூர் ஷோரூம் வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். ஜெட்ரா என்று வண்டிக்குப் பெயர். சேற்றை இரண்டு பக்கமும் கிழித்து வீசிக்கொண்டு பாய்கிற படம். கீழே ஓர் ஆள் உயரத்துக்கு, ‘மணிக்கு 165 கி.மீ.’ என்று சிவப்பில் எழுத்து. டிவியில் கிரிக்கெட் ஓவர் முடிகிற போதெல்லாம் அதே வண்டி அதே சேற்றில் அதே எண்ணைச் சொல்லிக்கொண்டு ஓடியது. ஷோரூமில் விற்பனைக்கு இருந்த ஹாஜா மைதீன் நல்ல பிள்ளை. ஊர் எது, பாதை எப்படி என்றெல்லாம் விசாரித்தார்.

“அண்ணே, உங்க ஊரு வண்டிப்பாதைக்குச் சாதா டயர் சரிப்படாது. கரடு டயர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. தடிமனா இருக்கும், கல்லு முள்ளு எதுவும் ஏறாது. பேனர்ல பாத்தீங்கல்ல, அதே டயர்தான்.”

“அதைப் போட்டா வண்டிக்கு ஏதும் கொறை உண்டாப்பா?”

“மைலேஜ் லேசாக் கொறையும்ணே. மத்தபடி அதே வண்டி, அதே இன்ஜின்.”

சாமிதுரை கரடு டயரையே கேட்டு வாங்கினார். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று சவாரிக்குக் குறைவில்லை. எண்பதைத் தாண்ட மாட்டார். ‘சாமிதுரை வண்டியில ஏறுனா தூங்கிகிட்டே போகலாம்’ என்று ஊரில் சொல்வார்கள். வேகமாகப் போகச் சொல்லி அவசரப்படுத்துகிற இளவட்டங்களிடம், “போகும்பா, நூத்தி அறுபத்தஞ்சு போகும். போகணும்னு அவசியம் வரட்டும்” என்பார்.

அவசியம் வந்தது. ஓட்டுப் போட்டு முடித்து, எண்ணுகிற நாளுக்காக இரண்டு கட்சிக்காரர்களும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த சித்திரை மாதம். உச்சி வெயில் நேரம். சாமிதுரை சாப்பாட்டில் கை வைத்திருந்தார். வரப்பு வழியாக அகிலாண்டம் ஓடிவந்தார். துரைராசுவின் மனைவி. கொண்டை அவிழ்ந்து, காலில் செருப்பில்லாமல், அந்த வீட்டு மனுசி அப்படி ஓடி ஊர் பார்த்ததில்லை.

“சாமிதுரை! அவுகளுக்கு நெஞ்சு வலிக்குதுப்பா, வேர்த்துக் கொட்டுது. நூத்தியெட்டுக்குப் பேசிட்டேன், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போயிருக்காம். எங்க வண்டிய எடுத்துகிட்டு கொழுந்தனார் மெட்ராசுக்குப் போயிட்டாரு. நீதாம்பா...”

சாமிதுரை தட்டிலேயே கையைக் கழுவினார். அம்சம் அவரை உள்ளே இழுத்துப் போனாள்.

“வேணாங்க. வழக்கு நடக்குது. வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தலையிலதான் விழும்.”

“உசுருக்குப் போராடுற மனுசங்கிட்ட என்னடி வழக்கு?” என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்தார்.

வல்லத்தில் டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தார். “பெரிய அட்டாக். தஞ்சாவூர்ல அடைப்பை எடுக்கிற மெஷின் ரிப்பேர், திருச்சிக்குத்தான் போகணும். எவ்வளவு சீக்கிரம் சேர்க்கிறீங்களோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்” என்றார்.

பின் சீட்டில் அகிலாண்டத்தின் மடியில் துரைராசுவின் தலை. வண்டி நான்குவழிச் சாலையில் ஏறியதும் அவர் கண் திறந்தார். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தோளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“யாரு... சாமிதுரையா?”

“ஆமாங்கய்யா.”

“போயிருவமாடா?”

“போயிரலாம்யா. நூத்தி அறுபத்தஞ்சு போற வண்டி. கண்ணை மூடிப் படுத்துக்குங்க.”

நூறைத் தாண்டியபோது சாமிதுரைக்கே பயமாக இருந்தது. வண்டி பிடித்த பிடியாகப் போனது, ஸ்டியரிங்கில் நடுக்கமில்லை. பயம் கொஞ்சம் தெளிந்தது. நூற்றிருபது.

“கை சில்லிட்டுப் போவுதுப்பா. இன்னும் வேகமாப் போ. சாமிதுரை, ஒன் காலுல விழறேன், இன்னும் வேகமாப் போ!”

நூற்று நாற்பதில் நிறுத்திக்கொண்டார். அகிலாண்டம் கத்திக்கொண்டுதான் இருந்தார். சாமிதுரை அதற்கு மேல் மிதிக்கவில்லை. வண்டியின் முழு வேகத்துக்கு இன்னும் இருபத்தைந்து மிச்சம் இருக்கிறது, அந்த மிச்சம்தான் நமக்குப் பாதுகாப்பு என்று நினைத்தார். சாலை வெயிலில் தண்ணீர்போல் மினுங்கியது. செங்கிப்பட்டி பின்னால் போயிற்று. எதிரே வண்டி ஒன்றும் இல்லை.

பின்னால் இடது பக்கம் வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். சாமிதுரை பிரேக்கைத் தொடவில்லை. பழகின டிரைவர், தொடக் கூடாதென்று தெரியும். ஆனாலும் வண்டியின் பின்பக்கம் அவரைக் கேட்காமல் முன்னால் வரப் பார்த்தது. நடுச்சுவரில் மோதியது வரைக்கும் அவருக்கு நினைவு இருக்கிறது. பிறகு அரளிச் செடிகளும் வானமும் மாறி மாறி வந்தன.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். தோள் எலும்பு முறிந்திருந்தது. தலையில் தையல். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார்.

“ஐயா எப்படி இருக்காருங்க?”

“எந்த ஐயா?” என்று கேட்டுவிட்டு, கான்ஸ்டபிள் அவர் முகத்தைப் பார்த்தார். “பெரியவர் ஸ்பாட்லயே போயிட்டாருப்பா. அந்தம்மாவுக்குக் கை ஒடைஞ்சிருக்கு.”

பிணம் வீட்டு வாசலில் கிடந்தபோதே துரைராசுவின் தம்பி கோவிந்தராசு மாரில் அடித்துக்கொண்டு சொன்னாராம்: “கோர்ட்டுல வழக்கு முடியறதுக்குள்ள ஆளையே முடிச்சிட்டான்!” அந்தச் சொல் எரியும் வைக்கோல்போல் ஊரைச் சுற்றியது. எண்பதுக்கு மேல் போகாதவன் அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிப் போனான் என்று கேட்டார்கள். பெரியவர் செத்து டிரைவர் எப்படிப் பிழைத்தான் என்று கேட்டார்கள். ஓட்டு எண்ணியதில் ஆட்சி மாறி, கோவிந்தராசுவின் கட்சி வந்தது. அதன்பிறகு சாமிதுரைக்குப் பரிந்து பேச இருந்த ஒன்றிரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அஜாக்கிரதையாக ஓட்டிச் சாவுக்குக் காரணமானதாகப் போட்ட வழக்கில் ஜாமீனில் வந்த பிறகு ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போன ஒருநாள், நசுங்கிய வண்டியைப் பார்வையிட மோட்டார் வாகன ஆய்வாளர் வந்திருந்தார். வெடித்த டயரைத் திருப்பிப் பார்த்து, பக்கவாட்டில் ஓரிடத்தை விரலால் துடைத்தார்.

“எவ்வளவு வேகத்துல வந்தே?”

“நூத்தி நாப்பதுங்க.”

“இந்த டயருக்கு நூத்திருபதுக்கு மேல போகவே கூடாதேய்யா. இதோ பார், எல்னு போட்டிருக்கு. எல்னா நூத்திருபது. இந்த வெயில்ல அதுக்கு மேல விரட்டினா சூடேறிப் பிய்ஞ்சுதான் போகும்.”

சாமிதுரை குனிந்து பார்த்தார். எண்களுக்கு நடுவே, கறுப்பு ரப்பரில் கறுப்பாக ஓர் ஆங்கில எழுத்து. தினமும் தண்ணீர் ஊற்றித் துடைத்த டயர்.

“வண்டி நூத்தி அறுபத்தஞ்சுன்னு சொல்லித்தானேங்க குடுத்தாங்க?”

“அது வேற டயர்ல இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் எழுந்தார்.

அன்றைக்கே தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார். ஷோரூம் மேனேஜர் அவரை உட்காரச் சொல்லவில்லை. எதுவானாலும் கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள் என்று வாசலைக் காட்டினார். ஹாஜா மைதீன் மட்டும் பின்னாலேயே ரோடு வரைக்கும் வந்தார். கண் கலங்கியிருந்தது.

“சத்தியமா எனக்கும் தெரியாதுண்ணே. டிரெயினிங்ல எங்களுக்கு நூத்தி அறுபத்தஞ்சுன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. டயர மாத்துனா வேகம் மாறும்னு ஒருத்தரும் சொல்லல.”

“இன்னைக்கு வர்றவங்ககிட்ட என்னப்பா சொல்றே?”

ஹாஜா மைதீன் திரும்பி வாசல் பேனரைப் பார்த்தார்.

ஆடி பிறந்து புது ஆற்றில் தண்ணீர் வந்தது. சாமிதுரையின் தோள் கட்டை இன்னும் அவிழ்க்காத நாளில், கோவிந்தராசுவின் டிராக்டர் வடக்குத் துண்டு வயலில் இறங்கி அவர் வெட்டிய வரப்பை உழுது தள்ளியது. அம்சம் போய் டிராக்டருக்கு முன்னால் நின்றாள். இரண்டு பேர் அவளைக் கையைப் பிடித்து இழுத்து ரோட்டோரம் விட்டார்கள். சேலையெல்லாம் சேறாக வீட்டுக்கு வந்தவள், புருஷனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேனே என்று அவள் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

எல்லாவற்றையும் விட அவரைத் தின்றது வேறொன்று. ஊர் திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, அவருக்கே தன் காலின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அந்த நேரத்தில் மனதின் ஏதோ ஒரு மூலையில் பழைய பகை கிடந்து காலை அழுத்தியிருக்குமோ? இல்லை என்று தனக்குத் தானே சத்தியம் செய்வார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்பார். சோறு இறங்கவில்லை. யாராவது பேசினால் நடுவில் சம்பந்தமில்லாமல், “நான் நூத்தி நாப்பதுலயே நிறுத்திட்டேங்க” என்பார். கேட்டவர்கள் பாவம் என்று நினைத்தார்களோ பைத்தியம் என்று நினைத்தார்களோ, நகர்ந்து போனார்கள்.

விபத்து வழக்கைச் சாமிதுரைக்காக எடுத்து நடத்தியவர் அதிராம்பட்டினத்துக்காரர், வக்கீல் நஃபீசா. சாமிதுரை சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அந்தப் பேனர் இன்னும் இருக்கா?” என்று கேட்டார். இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்.

விசாரணைக்கு வரவே அடுத்த வருடமாயிற்று. கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் சாட்சி சொல்ல வந்தார். சாந்தமான மனிதர், பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. டயரில் குறையில்லை, விதித்த வேகத்தை மீறியதால் வெடித்தது என்றார். நஃபீசா எழுந்தார்.

“நூத்தி அறுபத்தைந்துங்கிறது எந்த டயரில் சோதிச்சது?”

“நெடுஞ்சாலை டயரில்.”

“கரடு டயர் போட்டால்?”

“நூற்றிருபதுக்குள் ஓட்ட வேண்டும்.”

“இன்ஜினியர் சார், நூற்றிருபதோட நிற்கிற மாதிரி வண்டியில ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“இல்லை. டயரிலேயே குறிப்பு இருக்கிறது. விளக்கப் புத்தகத்திலும் இருக்கிறது.”

நஃபீசா போட்டோவை நீட்டினார். “இந்த விளம்பரத்துல நூத்தி அறுபத்தைந்துன்னு போட்டிருக்கீங்க. படத்துல இருக்கிற வண்டிக்கு என்ன டயர் போட்டிருக்கு?”

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“கரடு டயர்.”

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. சாமிதுரைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக யாரோ தன் பக்கத்து உண்மையை வாய்விட்டுச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நீதிபதி சலசலப்பை அடக்கிவிட்டுச் சொன்னார்: “விளம்பரம் சரியா தப்பான்னு இங்க விசாரிக்கலம்மா. ஓட்டினவர் கவனமா ஓட்டினாரா இல்லையான்னுதான் பார்க்கிறோம். ரோட்டுக்கும் ஒரு வேக வரம்பு இருக்கு.”

சாமிதுரை இரண்டு கையாலும் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து கூப்பிட்டது அகிலாண்டத்தை. அவர் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பது ஊருக்கே தெரியும். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியும் கேட்காமல் ஓட்டினான் என்று சொல்ல வேண்டும். வெள்ளைச் சேலையில், சரியாகக் கூடாத கையை மறு கையால் தாங்கிக்கொண்டு வந்து நின்றார். கோவிந்தராசு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“வண்டி வேகமா போனப்போ நீங்க கத்தினீங்களா?” என்று அரசு வக்கீல் கேட்டார்.

“கத்துனேங்க.”

“என்னன்னு கத்தினீங்க?”

அகிலாண்டம் கொழுந்தனாரைப் பார்க்கவில்லை. நீதிபதியைத்தான் பார்த்தார்.

“இன்னும் வேகமாப் போன்னு கத்துனேன். கால்ல விழறேன்னு சொன்னேன். அவன் அதுக்கு மேல போகல. நான் அவனை வைதேங்க. பகைய மனசுல வச்சுகிட்டு மெதுவாப் போறியாடான்னு கேட்டேன்.”

கடைசியில் சொன்னது சாமிதுரைக்கு நினைவில்லை. காதில் விழவே இல்லையா, விழுந்தும் மறந்துபோனதா தெரியவில்லை. தன் காலில் பகை இருந்ததா என்று அவர் இத்தனை நாள் தேடியதற்கு, மெதுவாகப் போனதற்காகத் தன்மேல் சந்தேகப்பட்டவரிடமிருந்தே பதில் வந்தது. கூண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கான்ஸ்டபிள் தூக்கி நிறுத்தினார்.

சாவுக்குக் காரணமானவர் என்ற குற்றத்திலிருந்து விடுதலை ஆனார். அதிக வேகத்துக்கு அபராதம் போட்டார்கள். லைசென்ஸைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். ஓட்ட வண்டி ஏது?

கம்பெனி மேல் நுகர்வோர் கோர்ட்டில் போடலாம் என்றார் நஃபீசா. தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அகிலாண்டமே வக்கீல் வீட்டுக்கு வந்து நின்றார். “அவுக பொழைச்சிருப்பாகளா மாட்டாகளான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவன் பொய்ய நம்பி ஓட்டினான். அத நம்பித்தான் நானும் விரட்டினேன்” என்றார்.

அந்த வழக்கில் கம்பெனி பக்கம் பெரிய வக்கீல் வந்தார். விளம்பரத்தின் அடியில், ‘வேகம் டயரையும் சாலையையும் பொறுத்து மாறும்’ என்று ஒரு வரி இருப்பதைக் காட்டினார். பேனரில் அந்த வரி எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க எல்லோரும் போட்டோவைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆனால் இருந்தது. எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி மனுவைத் தள்ளினார்கள்.

வெளியே வேப்ப மரத்தடியில் மூன்று பேரும் நின்றார்கள். “சென்னையில மேல்முறையீடு செய்யலாம்” என்றார் நஃபீசா. “வருஷக்கணக்கா ஆகும். கெடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க.”

“எனக்கு யோசனை ஒண்ணும் இல்லம்மா” என்றார் அகிலாண்டம். “போடுங்க.”

அப்போதுதான் அவர் காலடியில் இருந்த பெரிய பையைச் சாமிதுரை கவனித்தார்.

“என்னம்மா பை?”

“கொழுந்தனார் சொல்லிட்டாரு. அவனோட சேந்து கோர்ட்டுக்குப் போறதா இருந்தா இந்த வீட்டுப் படி ஏறாதேன்னு. நன்னிலத்துல எங்க அண்ணன் வீடு இருக்கு. அங்க போறேன்.”

“என்னால உங்களுக்கு...”

“உன்னால என்னடா? நீ சோத்துல இருந்து எந்திரிச்சு வந்தே.” அவர் குரல் உடைந்தது. “வடக்குத் துண்டு வழக்குல நான் உனக்குச் சாட்சி சொல்லணும்னா கூப்புடு. ஆனா என் கையில ஒண்ணுமில்ல. பட்டாவ கொழுந்தனார் பேருக்கு மாத்தியாச்சு.”

சாமிதுரை குனிந்து பையைத் தூக்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார்கள். நன்னிலம் பஸ்ஸில் கூட்டம். உள்ளே ஏறி ஜன்னலோரம் ஒரு சீட்டைப் பிடித்து, அகிலாண்டத்தை உட்கார வைத்து, பையைக் காலடியில் தள்ளினார்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டார் அகிலாண்டம்.

“வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கிறேம்மா.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். சாமிதுரை இறங்கினார். பஸ் நகர்ந்து கும்பகோணம் ரோட்டுப் பக்கம் திரும்பும் வரைக்கும் நின்றுவிட்டு, வல்லம் போகிற டவுன் பஸ்ஸைத் தேடிப் போனார். அம்சத்திடம் தீர்ப்பை எப்படிச் சொல்வது என்பதே வழியெல்லாம் யோசனையாக இருந்தது.